சூடான எஞ்சினுக்குச் சோக் இழுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் பத்திரிகையின் பனிக்காலச் சிறப்புப் பக்கத்தில் வெளிவந்த, பனிமேல் ஓடும் ஸ்னோமொபைல் வண்டியில் செய்யும் பயணம் பற்றிய கட்டுரையை விருப்பத்தோடு படித்தேன். ஸ்காபரோவிலிருந்து 404 நெடுஞ்சாலை வழியே சிம்கோ ஏரிக்கு வந்து, உறைந்த ஏரியில் துளையிட்டு மீன்பிடிக்கும் நம்மவர்களை இப்போது அடிக்கடி காண்கிறேன். அவர்களுக்கு இப்படியொரு கட்டுரை தேவைதான். தலைக்கவசம், அடுக்கடுக்கான உடை, பனிக்கட்டியின் தடிப்பு, தனியே போகாதிருத்தல் என்று கட்டுரையாளர் சொன்ன அத்தனையும் சரி. கடைசிப் பத்தியின் ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது. வழியில் நிறுத்திய வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாவிட்டால் சோக்கை முழுதாகத் திறந்து, எஞ்சின் பிடிக்கும்வரை கயிற்றை இழுக்கும்படி அவர் சொல்லியிருந்தார். அதை நம்பி நடப்பவர், ஐந்து நிமிடத்தில் சரிவரக்கூடிய வண்டியை ஏரியின் நடுவில் அடியோடு முடக்கிவிடுவார்.

நான் ஒறிலியாவில் சிறு எஞ்சின்கள் திருத்தும் கடையொன்றில் வேலை செய்கிறேன். கோடையில் புல்வெட்டியும் படகு எஞ்சினும், பனிக்காலத்தில் பனி ஊதியும் ஸ்னோமொபைலும் கைக்கு வரும். பழைய, கார்புரேற்றர் வைத்த இரட்டை வீச்சு (டூ-ஸ்ட்ரோக்) வண்டிகளைப் பற்றி வரும் முறைப்பாடுகளில் ஒன்று எப்போதும் ஒரே சொற்களில்தான் வரும்: "அண்ணை, காலையில் இரண்டாவது இழுவையில் பிடிக்கிறது. கோப்பி குடிக்க நிறுத்தினால் பிறகு பிடிக்காது. ஒரு மணித்தியாலம் விட்டால் மறுபடி ஒழுங்காகப் பிடிக்கிறது." இதைச் சொல்பவர்கள் தங்களுக்கு ஏதோ விளங்காத பேய்க்குணம் கொண்ட வண்டி வாய்த்துவிட்டதாக நினைக்கிறார்கள். எனக்கோ இந்த மூன்று வசனங்களைக் கேட்டதும் பாதி வேலை முடிந்த மாதிரி. குளிரில் பிடித்துச் சூட்டில் மறுக்கும் எஞ்சின், தன் குறை எங்கே என்று தெளிவாகவே சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஸ்னோமொபைல் என்றாலே குளிர்தான் எதிரி என்று எல்லோரும் எண்ணுவதில் வியப்பில்லை. கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப் ஆர்மண்ட் பொம்பாடியே 1959இல் முதல் ஸ்கி-டூவை விற்பனைக்கு விட்ட நாளிலிருந்து, கடுங்குளிரில் கண் விழிக்கும் எஞ்சின்தான் இந்தத் தொழிலின் கனவு. அதற்கென்றே கார்புரேற்றருக்குள் ஒரு தனி வழி வைத்திருக்கிறார்கள். நாம் சோக் என்று அழைப்பது அந்த வழியின் கதவைத்தான். பெரும்பாலான பழைய ஸ்னோமொபைல்களில் இருப்பது மிகுனி நிறுவனத்தின் வட்டச் சறுக்கி வகைக் கார்புரேற்றர். அதில் காற்றை மறைக்கும் தகடு கிடையாது. நெம்பை உயர்த்தினால் சிறு பித்தளை உருளையொன்று மேலே எழும்பும். அதன் கீழே உள்ள துளை வழியாகக் கூடுதல் பெற்றோல் நேராக எஞ்சினுக்குள் போகும். த்ரோட்டிலை அமுக்கும்போது மேலெழும்பிக் காற்றுவழியைத் திறக்கும் சறுக்கி மூடியிருந்தால்தான் உறிஞ்சும் விசை அந்தத் துளைக்குக் கிடைக்கும். ஆகவே காலையில் சோக்கைத் திறந்துவிட்டு, கட்டைவிரலால் த்ரோட்டிலையும் அமுக்கிக்கொண்டு இழுப்பவர் தானே தன் வேலையைக் கெடுத்துக்கொள்கிறார். குளிர்ந்த எஞ்சினுக்குச் சோக் வேண்டும், த்ரோட்டில் வேண்டாம். சூடான எஞ்சினுக்குச் சிறிது த்ரோட்டில் வேண்டும், சோக் வேண்டவே வேண்டாம்.

வண்டியை நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். ஓடும்வரை விசிறியோ தண்ணீரோ எஞ்சினைக் குளிர்த்துக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பியதும் அந்தக் குளிர்ச்சி நின்றுவிடும். சிலிண்டரில் தேங்கிய சூடோ நிற்காது. பொனற்றுக்குள் அது பரவி, கார்புரேற்றர், பம்ப், பிளைவீலுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பொறிக்கு மின்சாரம் தரும் கொயில்கள் என்று எல்லாவற்றையும் ஓடியபோது இருந்ததைவிடச் சூடாக்குகிறது. இந்தச் சூடு உச்சத்துக்கு வருவது நிறுத்திய முதற் சில நிமிடங்களுக்குப் பிறகு. அரை மணித்தியாலம் போல் தங்கி மெல்ல இறங்கும். வெளியே 20 பாகை உறைநிலைக்குக் கீழே இருந்தாலும் பொனற்றுக்குள் வேறு காலநிலை. கார்புரேற்றர் கிண்ணத்திலிருக்கும் பெற்றோல் அங்கே கொதித்து ஆவியாகி, உறிஞ்சு வழியை நிரப்பும். பனிக்காலத்தில் இங்கே விற்கும் பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பியூட்டேன் கூடுதலாக இருப்பது இதற்கு இன்னும் வசதி. அப்படிப் பெற்றோல் ஆவி நிறைந்து நிற்கும் எஞ்சினுக்குள் சோக்கைத் திறந்து மேலும் ஊற்றச் சொல்வதுதான் அந்தக் கட்டுரையின் ஆலோசனை.

எனக்கு இது தலைகீழ்ப் பாடமாகத்தான் வந்தது. தொழில் பழகியது பருத்தித்துறையில், சித்தப்பாவின் கராஜில். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராமல் போனபோது மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட்டினோம் என்பது அந்தக் காலத்தில் அங்கிருந்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் கார்புரேற்றருக்குள் விட்டு உதைத்தால் பிடிக்கும். பிறகு மண்ணெண்ணெயில் புகைந்துகொண்டு ஓடும். எஞ்சின் சூடாக இருக்கும்வரை மண்ணெண்ணெய் ஆவியாகும், எத்தனை தடவை நிறுத்தினாலும் பிடிக்கும். ஆறவிட்டால் போச்சு, மறுபடி அந்த விலைமதிப்பற்ற துளிகள் வேண்டும். சூட்டில் பிடித்துக் குளிரில் மறுத்த எஞ்சின்களோடு வளர்ந்தவனுக்கு, குளிரில் பிடித்துச் சூட்டில் மறுக்கும் எஞ்சினைக் கண்டதும் முதலில் தோன்றிய எண்ணம் எரிபொருள் பற்றியதே. பல வேளைகளில் அது சரியாகவும் இருக்கும். எல்லா வேளைகளிலும் அல்ல. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் குறையைத் திருத்துவதில் உள்ள பெரிய தொல்லை, வண்டி கடைக்கு வந்துசேரும் நேரம். இழுவைப் பெட்டியில் ஏற்றி, ஒறிலியாவரை கொண்டுவந்து இறக்குவதற்குள் எஞ்சின் கல்லாகக் குளிர்ந்துவிடுகிறது. நாங்கள் இழுத்தால் உடனே பிடிக்கிறது. வைத்தியசாலை வாசலுக்கு வருவதற்குள் காய்ச்சல் விட்டுப்போன பிள்ளையை மருத்துவர் என்ன செய்வார்? எனவே சோதனையின் முதற்பங்கைச் செய்ய வேண்டியவர் சொந்தக்காரர்தான், அதுவும் வண்டி மறுக்கும் அந்த நேரத்துக்குள், நின்ற இடத்திலேயே. ஒரு பிளக் சாவியும் இரண்டு புதுப் பிளக்குகளும் ஒரு துணியும் இருக்கையின் கீழ் இருந்தால் போதும்.

முதலில் சில்லறை விடயங்கள். நிறுத்தும் பொத்தான் அமுங்கியிருக்கிறதா, உடையோடு கொளுவும் பாதுகாப்புக் கயிற்றின் தொப்பி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த கையுறையோடு இறங்கும்போது அந்தப் பொத்தான் தட்டுப்படுவது எல்லோருக்கும் நடப்பது. பிறகு கை பிரேக்கைப் பூட்டி, சோக் நெம்பு முழுதாகக் கீழே இருப்பதை உறுதிசெய்து, த்ரோட்டிலைக் கால்வாசி அமுக்கிக்கொண்டு நிதானமாக இழுக்க வேண்டும். நாலைந்து இழுவையில் பிடிக்கவில்லையா, த்ரோட்டிலை முழுதாகத் திறந்து பிடித்துக்கொண்டு இழுக்க வேண்டும். அப்போது உள்ளே நிறையக் காற்று போகும், தேங்கிய பெற்றோல் வெளியேறும். எஞ்சின் பிடித்த கணமே கட்டைவிரலை விட்டுவிட வேண்டும் என்பதை அடிக்கோடிட்டு அச்சிடுங்கள். விடாவிட்டால் வண்டி உங்களை விட்டுவிட்டுத் தானே புறப்பட்டுவிடும். வண்டிக்கு முன்னால் பிள்ளைகள் நிற்கக்கூடாது.

இந்தச் சிறு முயற்சியிலேயே எஞ்சின் வாய்திறந்து பேசத் தொடங்கும். முழுத் த்ரோட்டிலில் மட்டும் பிடிக்கிறது, பிடித்ததும் வெண்புகையோடு தடுமாறித் தெளிகிறது என்றால் உள்ளே பெற்றோல் கூடிப்போயிருக்கிறது. சூடாக இருக்கும்போதும் சோக் திறந்தால்தான் பிடிக்கிறது என்றால் பெற்றோல் போதவில்லை. இரண்டுக்கும் அசையவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. ஈரமாக, மணத்தோடு வந்தால் பெற்றோல் வருகிறது. அதைத் துடைத்து, பிளக் கம்பியின் தொப்பியில் மாட்டி, பிளக் துளையிலிருந்து விலக்கி எஞ்சினின் உலோகத்தோடு அழுத்திவைத்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லிப் பொறி வருகிறதா என்று நிழலில் பார்க்க வேண்டும். துளைக்கு அருகில் பிடித்தால் அங்கிருந்து வரும் ஆவி பற்றிக்கொள்ளும். பிளக்கை உலோகத்தில் படாமல் தொங்கவிட்டு இழுத்தால் பொறியைக் கட்டுப்படுத்தும் மின்பெட்டிக்கே கேடு. நீலப் பொறி பளிச்சென்று வந்தால் மின்சாரத்தின் மீதான சந்தேகம் தீர்ந்தது. மஞ்சளாய் மினுங்கினாலோ, ஒன்றுமே வராவிட்டாலோ பெற்றோலைக் குற்றஞ்சொல்வதை விட்டுவிட வேண்டும்.

ஸ்காபரோவிலிருந்து ஒரு தம்பி கொண்டுவந்த வண்டியின் கதையை இங்கே சொல்ல வேண்டும். 1990களின் நடுப்பகுதியில் வந்த, விசிறியால் குளிரும் இரட்டைச் சிலிண்டர். இணையத்தில் பார்த்துப் பார்த்துப் பிளக் மாற்றியிருந்தார், இரண்டு கார்புரேற்றருக்கும் உள்ளுறுப்புகள் மாற்றியிருந்தார், பம்ப் மாற்றியிருந்தார், பெற்றோல் குழாய்கூடப் புதிது. வண்டி வாங்கிய காசில் பாதி உதிரிப்பாகத்துக்குப் போயிருந்தது. குறை மட்டும் பழையபடியே இருந்தது. "ஓடத் தொடங்கினால் நாள் முழுக்க ஓடுகிறது அண்ணை, அப்படியானால் மின்சாரம் சரிதானே?" என்று கேட்டார். நல்ல கேள்வி; பலரும் அங்கேதான் வழுக்கிவிழுகிறார்கள்.

அந்தக் காலத்தில் பொறி எழுப்பிய மின்பற்றல் அமைப்புகள் பலவற்றில் பிளைவீலின் உள்ளே இரண்டு மின்னேற்றக் கொயில்கள் இருக்கும். ஒன்று மெதுவான சுழற்சிக்கு, மற்றது வேகமான சுழற்சிக்கு. கயிற்றை இழுக்கும்போது எஞ்சின் சுற்றுவது மெதுவாகத்தான். அந்த வேகத்தில் போதிய அழுத்தம் கொடுப்பதற்காக முதற் கொயிலில் மயிர்போன்ற கம்பியை ஏராளமாகச் சுற்றியிருப்பார்கள். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் மற்றக் கொயில் பொறுப்பெடுத்துக்கொள்ளும். அந்த மெல்லிய கம்பி எங்கேயோ ஓரிடத்தில் விட்டுப்போயிருந்தால், குளிரில் முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், சூட்டில் விரிந்து விலகும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது. நிறுத்தி, சூடு ஏறி, மறுபடி கயிற்றை இழுக்கும்போதுதான் அகப்படும்.

தம்பியின் வண்டியைப் பின்பக்கம் தூக்கித் தாங்கியில் நிறுத்தி, கடைக் கதவைத் திறந்துவைத்து நன்றாகச் சூடேறும்வரை ஓடவிட்டோம். நிறுத்திவிட்டுத் தேநீர் குடித்தோம். பிறகு இழுத்தால் பொறி இல்லை. மல்ரிமீற்றரை வைத்தால் கொயிலுக்குள் தொடர்பே இல்லை. ஆறியபின் அதே கொயில் கைநூலில் சொல்லியிருந்த அளவை அப்படியே காட்டியது. கழற்றி மேசையில் வைத்து, முடி உலர்த்தும் கருவியால் சூடாக்கிக் காட்டினேன். முள் விழுந்ததைத் தம்பியும் பார்த்தார். பிளைவீலைக் கழற்ற அதற்குரிய இழுப்பான் வேண்டும், சுத்தியலால் தட்டக்கூடாது. மற்றபடி அன்று மாலைக்குள் முடியக்கூடிய வேலை.

மீற்றர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செப்புக் கம்பியின் தடை சூட்டோடு தானாகவே ஏறும், பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம். 20 பாகையில் 230 ஓம் காட்டும் நல்ல கொயில், 100 பாகையில் 300ஐத் தாண்டிக் காட்டுவது இயல்பு. அதைக் கண்டு கொயில் பழுது என்று முடிவுசெய்து காசை வீணாக்க வேண்டாம். திடீரென்று தாவினாலோ, அடியோடு தொடர்பு அறுந்தாலோதான் குற்றவாளி அது. தடை சரியாக இருந்தும் பொறி வலுவிழந்திருந்தால், இழுக்கும்போது எழும் உச்ச மின்னழுத்தத்தை அளக்கும் கருவி வேண்டும். அது கடைகளில் இருக்கும், வீட்டில் இராது.

பொறி நன்றாக வருகிறது, பிளக் நனைந்திருக்கிறது என்றால் மூன்று இடங்களைப் பார்ப்பேன். முதலாவது, நான் மேலே சொன்ன சோக் உருளையே. அதன் அடியில் சிறு இறப்பர் வில்லையொன்று இருக்கிறது. அது தேய்ந்து பள்ளம் விழுந்தாலோ, மேலே இழுக்கும் கேபிள் விறைப்பாக இருந்தாலோ, நெம்பு கீழே இருந்தும் துளை முழுதாக மூடாது. அதாவது உங்கள் வண்டி நாள் முழுக்கச் சிறிது சோக்கோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். குளிரில் அது வரப்பிரசாதம் போலத் தோன்றும். நெம்பைத் தொடாமலே பிடிக்கும். "என்னுடைய வண்டிக்குச் சோக்கே தேவையில்லை" என்று பெருமையாகச் சொல்பவரைக் கண்டால் நான் முதலில் அந்தக் கேபிளைத்தான் தொட்டுப் பார்ப்பேன். நெம்பு கீழே இருக்கும்போது கேபிளில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் தளர்வு தெரிய வேண்டும். தளர்வு இல்லாவிட்டால் உறை முனையிலுள்ள திருகைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். காசு செலவில்லாத திருத்தம். இரண்டு கார்புரேற்றர் உள்ள வண்டியில் இரண்டையும் பார்க்க வேண்டும். ஒன்று தளர்ந்தும் மற்றது விறைத்தும் இருப்பது உண்டு.

இரண்டாவது, கிண்ணத்தில் பெற்றோல் மட்டத்தைக் காக்கும் மிதவை ஊசி. ஊசிமுனையில் வளையம்போல் தேய்ந்த கோடு தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். இழுவைப் பெட்டியில் வண்டியை ஏற்றும்போது பெற்றோல் குழாயின் பூட்டைத் திருகி மூடாமல் விடுபவர்கள் இந்த ஊசியைத் தேவையில்லாமல் சோதிக்கிறார்கள். வழிநெடுகக் குலுங்கக் குலுங்க மிதவை ஆடி, பெற்றோல் துளித்துளியாக எஞ்சினுக்குள் இறங்கும். மூன்றாவது பம்ப். இந்தப் பழைய ஸ்னோமொபைல்களின் பம்ப் மின்சாரத்தால் இயங்குவதல்ல. எஞ்சினின் அடியறையில் எழும் காற்றழுத்தத் துடிப்பை ஒரு குழாய் கொண்டுவரும், அந்தத் துடிப்பில் மெல்லிய சவ்வொன்று அசைந்து பெற்றோலைத் தள்ளும். சவ்வில் சிறு கீறல் விழுந்தால் பெற்றோல் அதே குழாய் வழியாகத் திரும்பி அடியறைக்குள் ஒழுகும். சோதிப்பது எளிது. துடிப்புக் குழாயைப் பம்பிலிருந்து கழற்றுங்கள். அதற்குள் பெற்றோல் இருக்கவே கூடாது. இருந்தால் சவ்வை மாற்றுங்கள்.

பெற்றோல் போதாத பக்கத்தை நீட்டத் தேவையில்லை. கோடை முழுதும் பழைய பெற்றோலோடு கிடந்த வண்டியில், கார்புரேற்றருக்குள் மெதுவான ஓட்டத்துக்குப் பெற்றோல் விடும் பைலட் ஜெட்டின் நுண்துளை அடைபட்டிருக்கும். ஒன்ராறியோவில் சாதாரணப் பெற்றோலில் எதனோல் கலந்திருக்கிறது, அது ஈரத்தையும் இழுக்கும். கம்பி விட்டுக் குத்தாமல், துப்புரவாக்கும் திரவத்தாலும் காற்றாலும் ஊதிச் சுத்தம்செய்ய வேண்டும். அதோடு கார்புரேற்றரை எஞ்சினோடு இணைக்கும் இறப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வெடிப்பு வழியே புகும் காற்று ஸ்டார்ட்டை மட்டும் கெடுப்பதில்லை. பிஸ்டனை உருக்கவும் செய்யும்.

பெற்றோலும் சரி, பொறியும் சரி, ஆனாலும் சூட்டில் மறுக்கிறது என்றால் மிஞ்சுவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். கயிறு வழமையைவிட இலேசாக வருகிறதே என்று கை முதலில் சொல்லும். குளிரில் தடித்த எண்ணெய்ப் படலம் தேய்ந்த பிஸ்டன் வளையங்களின் இடைவெளியை மறைத்துக்கொள்ளும். சூட்டில் அந்தப் படலம் இளகிவிடும். பிளக்குகள் இரண்டையும் கழற்றி, தொப்பிகளை உலோகத்தோடு இணைத்து, பிளக் துளையில் அழுத்தமானியைப் பூட்டி, த்ரோட்டிலை முழுதாகத் திறந்து, அதன் முள் ஏறுவது நிற்கும்வரை இழுக்க வேண்டும். குளிரில் ஒரு தடவை, சூட்டில் ஒரு தடவை. பழைய விசிறிக் குளிர்ச்சி எஞ்சின்களில் சதுர அங்குலத்துக்கு 120 இறாத்தல் அளவில் இருந்தால் மகிழ்ச்சி. 100க்குக் கீழே போனாலோ, இரு சிலிண்டர்களுக்கும் இடையே பத்துச் சதவீதத்துக்கு மேல் வேறுபாடு இருந்தாலோ எஞ்சினைத் திறக்க வேண்டும். இது செலவு வைக்கும் வேலை என்பதால்தான் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் சிலர் நல்ல எஞ்சினையும் பிரித்துவிடுவார்கள்.

பெற்றோலை ஊசிவழியே பீய்ச்சும் புதிய வண்டிகளில் இக்கதை வேறு. அங்கே எஞ்சினின் சூட்டை அளக்கும் உணரி பழுதாகி, சூடான எஞ்சினைக் குளிர்ந்தது என்று கணினிக்குப் பொய் சொல்வது வழமையான காரணங்களில் ஒன்று. அதற்குக் கணினியைப் படிக்கும் கருவி வேண்டும். இக்கடிதம் பழைய வண்டிக்காரருக்கானது. நம்மவர்களில் பெரும்பாலோர் முதலில் வாங்குவதும் பழைய வண்டியையே.

சிம்கோவில் ஓடுபவர்களுக்குத் தனியாக ஒன்று. தண்ணீரால் குளிரும் எஞ்சின்களுக்குக் காரைப்போல முன்னால் குளிர்விப்பான் பெரும்பாலும் இல்லை. இருக்கையின் கீழ்ச் சுரங்கத்தில் பொருத்திய வெப்பமாற்றித் தட்டுகளில், வண்டியை முன்னே தள்ளும் சங்கிலிப் பட்டை வீசியடிக்கும் பனிதான் தண்ணீரைக் குளிர்விக்கிறது. காற்று பனியைத் துடைத்துக் கண்ணாடியாக்கிய ஏரியில் ஓடினால் வீசுவதற்குப் பனி ஏது? எஞ்சின் கொதிக்கும், நிறுத்தினால் நான் சொன்ன சூடு இரட்டிப்பாக ஏறும். அப்படிப்பட்ட நாட்களில் பனிக்கட்டியைக் கீறித் தூளெழுப்பும் கம்பிகளைப் பூட்டிக்கொள்ள வேண்டும், இடைக்கிடை பனித்திட்டுகளின் மேல் ஓட்ட வேண்டும். பங்குனி மாதத்து வெயில் நாட்களில் விசிறி வண்டிக்காரரும் நிறுத்துவதற்கு முன் அரை நிமிடம் சும்மா ஓடவிட்டு, நிறுத்தியதும் பொனற்றைத் திறந்து வைப்பது நல்லது.

மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஸ்னோமொபைலில் அது நடக்காது. எஞ்சின் வேகமெடுத்த பிறகுதான் முன்பக்கக் கிளச் பெல்ட்டைப் பற்றும். நின்ற எஞ்சினுக்குப் பட்டையிலிருந்து விசை போய்ச் சேராது. நாலு பேர் வியர்க்க வியர்க்கத் தள்ளி, பிறகு அந்த வியர்வையோடு குளிரில் நிற்பது ஆபத்து. ஸ்டார்ட் செய்ய உதவும் ஈதர் திரவத்தை அடிப்பதும் வேண்டாம். இரட்டை வீச்சு எஞ்சினுக்கு எண்ணெய் பெற்றோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. ஈதரில் எண்ணெய் இல்லை, இருக்கும் படலத்தையும் அது கழுவிவிடும். சூடான எஞ்சின் மேல் அதை அடிப்பது நெருப்போடு விளையாட்டு. மீன்பிடிக் குடிலுக்குள்ளோ, மூடிய கராஜுக்குள்ளோ எஞ்சினை ஓடவிட்டுச் சோதிப்பதை நினைக்கவும் வேண்டாம். காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்கள் இந்தக் குறையைத் தெரிந்துவைத்திருந்தால் விலை பேசும்போது உதவும். விற்பவர் உங்களைக் கண்டதும் ஒரே இழுவையில் பிடிக்க வைத்துக் காட்டுவார். அதில் மயங்க வேண்டாம். பதினைந்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். நிறுத்திவிட்டு, ஆவணங்களைப் பாருங்கள், பட்டையைப் பாருங்கள், பனிச்சறுக்கியின் அடியைப் பாருங்கள், பேச்சுக் கொடுங்கள். பத்து நிமிடம் போகட்டும். பிறகு நீங்களே கயிற்றை இழுங்கள். அந்த நேரத்தில் விற்பவர் அவசரமாகச் சோக்கை நோக்கிக் கை நீட்டினால் விலையைக் குறைக்கச் சொல்லலாம்.

கடைக்குக் கொண்டுவருபவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டி மறுத்த நேரத்தில் கண்டதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு வாருங்கள். நிறுத்தி எவ்வளவு நேரம், சோக்கோடு பிடித்ததா, முழுத் த்ரோட்டிலில் பிடித்ததா, எந்தப் பக்கப் பிளக் ஈரம், பொறி என்ன நிறம், கயிறு இலேசாக வந்ததா என்பவை போதும். அந்தத் துண்டு இருந்தால், எந்தக் கடையாயினும், பாதி நேரக் கூலியில் வேலை முடியும். அது இல்லாமல் வந்தால் உங்கள் வண்டியைச் சூடாக்கி ஆறவைக்கும் நேரத்துக்கும் சேர்த்தே கட்டணம் எழுதுவார்கள். நாங்களும் அப்படித்தான் எழுதுகிறோம்.

இப்படிக்கு,
சிறு எஞ்சின் திருத்துநர் ஒருவர்,
ஒறிலியா, ஒன்ராறியோ.